தென்னை 12 மீட்டரா, 16 மீட்டரா? உயரம் தப்பாக வந்தால் எங்கே தேடுவது

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற ஒரு தென்னையை வெட்ட வேண்டி வந்தது. கரண்டு கம்பிக்கும் பக்கத்து வீட்டு ஓட்டுக்கும் நடுவில் அதைச் சாய்க்க இடம் போதுமா என்று தெரிய வேண்டும். வெட்ட வந்தவர் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு "அம்பது அடி சார்" என்றார், கூலி அடிக்கணக்கு என்பதால் எனக்கு அந்த எண் மேல் நம்பிக்கை வரவில்லை. நானே அளந்தேன். கோணமானி வைத்துப் பார்த்தால் 12.5 மீட்டர், குச்சியை நீட்டிப் பார்த்தால் 15.7, நிழலை வைத்துக் கணக்குப் போட்டால் 16.1. கடைசியில் சாய்க்கிற வேலையே வேண்டாமென்று துண்டு துண்டாக இறக்கினார்கள், நேராக நின்ற மரம் என்பதால் குருத்திலிருந்து அடிக்கட்டை வரை எல்லாத் துண்டுகளையும் டேப் போட்டுக் கூட்டிவிட்டேன்: 14.2 மீட்டர். என் மூன்று எண்களையும்விட அவருடைய ஐம்பது அடிதான் நெருக்கம்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றும் எங்கே தப்பியது என்று தேடியதில் தெரிந்தது இது: விடை கூடியதா குறைந்ததா, தள்ளி நின்றால் மாறுகிறதா, நேரம் போனால் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதிப் பிழையின் பெயர் தெரிந்துவிடும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

விடை ஒரு ஆள் உயரம் குறைகிறது, அல்லது கூடுகிறது

உண்மை அளவு தெரியாதபோது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு முறைகளில் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒன்றரை மீட்டர் அல்லது அதன் இரண்டு மடங்கு பக்கம் வந்தால் சந்தேகப்பட வேண்டியது கண் உயரத்தை.

கோணமானி முறையில் நீங்கள் கோணம் பார்ப்பது கண்ணிலிருந்து, தரையிலிருந்து அல்ல. நான் 20 மீட்டர் தள்ளி நின்றேன், கோணம் 32 டிகிரி, டேன் 32 (கால்குலேட்டரில் tan பொத்தான்) என்பது 0.625, தூரத்தால் பெருக்கினால் 12.5. இது என் கண் மட்டத்துக்கு மேலே இருக்கிற மரம் மட்டும்தான். கண்ணுக்குக் கீழே இருக்கிற 1.5 மீட்டரைக் கூட்டினால் 14.0, உண்மைக்கு இருபது சென்டிமீட்டர் பக்கத்தில். கூட்டவில்லை, அவ்வளவுதான் தப்பு.

குச்சி முறையில் இதற்கு நேர் எதிர். கண்ணுக்கும் நீட்டிய கைக்கும் உள்ள தூரம் எவ்வளவோ, அவ்வளவு நீளம் கைக்கு மேலே தெரிகிற மாதிரி குச்சியை நிமிர்த்திப் பிடித்து, குச்சியின் கீழ்முனை மரத்தின் அடியிலும் மேல்முனை உச்சியிலும் பொருந்தும் வரை பின்னால் நடக்கிறோம். பொருந்திய இடத்திலிருந்து மரத்துக்கு உள்ள தூரமே மரத்தின் உயரம். அடியையும் சேர்த்தே பார்த்துவிட்டதால் இங்கே கண் உயரத்துக்கு வேலையே கிடையாது. நானோ கோணமானியில் விட்டதை இங்கே ஞாபகமாகக் கூட்டினேன், 14.2 என்று சரியாக வந்திருந்த எண் 15.7 ஆயிற்று!

பள்ளிக்கூட மூலைமட்டத்தின் 45 டிகிரி ஓரத்தை வைத்துப் பார்க்கிறவர்களும் கண் உயரத்தைக் கூட்ட வேண்டும். கண்ணாடி முறையில், அதாவது தரையில் கண்ணாடியை வைத்து அதில் உச்சி தெரிகிற இடத்தில் நின்று அளக்கும்போது, கண் உயரம் கணக்குக்குள்ளேயே பெருக்கலாக வருகிறது, அங்கே ஆள் உயரத்தைப் போட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. கண் தலை உச்சியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. சுவரோரம் நின்று யாரையாவது பென்சிலால் குறிக்கச் சொல்லி ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடை அபத்தமாக வருகிறது

மரம் 32 மீட்டர் என்று வந்தால் கோணத்தைத் தலைகீழாகப் படித்திருப்பீர்கள். கோணமானியின் நேர் ஓரத்தில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுவிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால், நேர் கிடையாகப் பார்க்கும்போது நூல் 90இல் நிற்கும். மேலே நிமிர்த்தினால் 58 காட்டும். நமக்கு வேண்டியது 90இலிருந்து விலகிய 32, அந்த 58 அல்ல. 58ஐப் போட்டால் டேன் 1.6, அதாவது இரண்டரை மடங்கு மரம்.

இன்னொன்று கால்குலேட்டர். போனில் இருக்கிற கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. பார்க்காவிட்டாலும் அபத்தமான எண் வந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன், எப்போதும் அப்படி நடக்காது. ரேடியனில் வைத்து டேன் 32 போட்டால் 0.661 வருகிறது, சரியான 0.625க்கு ஒட்டிப் பக்கத்தில், கொஞ்சமும் சந்தேகம் வராது. ஒரே ஒரு டிகிரி தள்ளி 33 போட்டால் மைனஸ் 75! ஆகவே வேலை தொடங்கும் முன் டேன் 45 போடுங்கள். 1 வந்தால் டிகிரி. 1.62 வந்தால் ரேடியன்.

அடி, மீட்டர் கலந்துபோவதும் இந்த வகைதான். விடை மூன்று மடங்கு கூடியோ குறைந்தோ வந்தால் டேப்பின் எந்த ஓரத்தைப் படித்தீர்கள் என்று பாருங்கள்.

நிழல் அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

மரத்தின் நிழலைக் குச்சியின் நிழலால் வகுத்துக் குச்சியின் உயரத்தால் பெருக்குவதுதான் நிழல் முறை. என் 16.1 இப்படி வந்தது. காலையில் முதலில் மரத்தின் நிழலை அளந்தேன், பிறகு ஒரு மீட்டர் குச்சி தேடி வீட்டுக்குள் போனேன், காபி ஆறுகிறதே என்று குடித்துவிட்டு வந்தேன், கால் மணி நேரம் கழித்துக் குச்சியின் நிழலை அளந்தேன். நம் ஊரில் காலையில் சூரியன் நான்கு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறுகிறது. மரத்தின் நிழல் நீளமாக இருந்தபோது அளந்தது, குச்சியின் நிழல் குறுகிய பிறகு அளந்தது, விகிதம் கூடத்தானே செய்யும். மாலையில் இதே வரிசையில் செய்தால் விடை குறையும். காலையில் கூடி மாலையில் குறைகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், இரண்டு நிழலுக்கும் நடுவில் நேரம் விட்டிருக்கிறீர்கள். முதலில் குச்சியை நட்டுவிட்டு, இரண்டு நிழல் நுனியிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கல்லை வையுங்கள், அப்புறம் நிதானமாக அளக்கலாம், காபியும் குடிக்கலாம். குச்சி நேராக நிற்கிறதா என்பதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும்.

நுனி எங்கே என்றே தெரியவில்லை என்றால் அது உங்கள் கண்ணின் குற்றம் இல்லை. சூரியன் புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமான வட்டு, அதனால் நிழலின் ஓரம் கலங்கித்தான் விழும். 15 மீட்டர் உயரத்திலிருந்து 45 டிகிரி வெயிலில் விழுகிற நிழலுக்கு அந்தக் கலங்கல் தரையில் கால் மீட்டருக்கு மேல் பரவும். கலங்கலின் நடுவை எடுத்துக்கொள்வது ஒரு வழி. இன்னொன்று பழைய சீன வித்தை: 1276இல் குவோ ஷோஜிங் கட்டிய வானியல் நிலையத்தில், பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருந்த குறுக்குச் சட்டத்தின் நிழலை ஊசித்துளை போட்ட ஒரு தகடு வழியாக விழவைத்துப் படித்தார்கள். துளை வழியே சூரியனின் சின்ன வட்டம் விழும், அதன் நடுவே சட்டம் மெல்லிய கோடாகத் தெரியும். செல்போன் டவர் மாதிரி உச்சியில் கம்பியோ சட்டமோ இருப்பவற்றுக்கு ஒரு அட்டையில் துளை போட்டு இதைச் செய்து பார்க்கலாம். ஓலைக்குச் சரிவராது.

நண்பகலில் நிழலே கிடைக்கவில்லை என்று சிலர் குழம்புவதுண்டு. தமிழ்நாடு வடக்கு அட்சரேகை 8 டிகிரிக்கும் பதின்மூன்றரை டிகிரிக்கும் நடுவில் இருப்பதால் வருடத்தில் இரண்டு நாள் உச்சிவெயில் செங்குத்தாக விழும், சென்னையில் அது ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 பக்கம். அந்த வாரங்களில் மதியத்தில் இந்த முறையைத் தொடாதீர்கள். காலை எட்டரை, ஒன்பது நல்ல நேரம்.

நிழல் பாதியில் சுவரேறி விட்டதா? சுவரில் ஏறிய உயரத்தை டேப்பால் அளந்து தனியே வையுங்கள், சுவர் வரை தரையில் கிடக்கும் நிழலுக்கு மட்டும் விகிதம் போட்டு, கடைசியில் சுவர் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிட்டே நின்றால் ஒரு விடை, தள்ளி நின்றால் வேறு விடை

எனக்கு மிகப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது.

தள்ளிப் போகப் போக உயரம் குறைந்துகொண்டே வந்தால், நீங்கள் பார்ப்பது உச்சியை அல்ல, உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு கிளையை. ஆலமரம், தூங்குமூஞ்சி மரம் போலக் குடை விரிந்த மரங்களில் இது கட்டாயம் நடக்கும். கிளை நுனி உங்களுக்குக் கிட்டே இருக்கிறது, நீங்கள் பெருக்குவதோ அடிமரம் வரை உள்ள தூரத்தை, அதனால் விடை ஊதிப்போகிறது. நன்றாகத் தள்ளிப் போங்கள், மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தூரம். பனைக்கு இந்தத் தொல்லை குறைவு. தென்னையில் தொங்குகிற மட்டையை விட்டுவிட்டு நடுக்குருத்தைப் பார்க்க வேண்டும்.

தள்ளிப் போகப் போக உயரம் கூடினால் அது அகலமான அடிப்பகுதி உள்ள பொருள், கோபுரம் மாதிரி. டேப்பைச் சுவரில் வைத்து அளந்திருப்பீர்கள், உச்சிக்கு நேர்கீழான புள்ளியோ சுவருக்கு உள்ளே எங்கோ இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடி ஏறக்குறைய 30 மீட்டர் சதுரம், ஆகவே சுவரிலிருந்து அளந்த தூரத்தோடு இன்னும் 15 மீட்டர் கூட்டியாக வேண்டும். நிழல் முறையிலும் இதே 15தான். அந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம், விழத்தான் செய்கிறது. 66 மீட்டர் உயரம், பாதி அகலம் 15 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சூரியன் 77 டிகிரிக்கு மேல் இருக்கும்போது கலசத்தின் நிழல் அடிப்பரப்பைத் தாண்டி வெளியே வராது, தஞ்சாவூரில் மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகலில் நடப்பது இதுதான். காலை எட்டு மணிக்குப் போனால் நீளமாகக் கிடப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவது ஒன்று: கிட்டே நின்றாலும் தூரத்தில் நின்றாலும் ஒரே பக்கமாகப் பிசகி, நடுத்தூரத்தில் மட்டும் பிசகு குறைந்தால் கருவியே கோணல். ஸ்ட்ரா ஓரத்தோடு இணையாக ஒட்டவில்லை. கொத்தனார் லெவல் டியூபால் இரண்டு சுவர்களில் ஒரே மட்டத்தைக் குறித்து, ஒன்றில் கண்ணை வைத்து மற்றதைப் பாருங்கள், நூல் 90இல் நிற்க வேண்டும். 92இல் நின்றால் ஸ்ட்ராவைப் பிய்த்து ஒட்டுங்கள், அல்லது ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தள்ளி நின்றாலும் மாறாமல் ஒரே அளவு பிசகுகிறதா? முதல் தலைப்புக்குத் திரும்புங்கள், அது கண் உயரம்.

ஒரே இடத்தில் நின்று மூன்று தடவை பார்த்தால் மூன்று கோணம்

காற்று, கை நடுக்கம், லேசான நட்டு. நட்டைப் பெரிதாக மாற்றுங்கள், நூல் அடங்கியதும் அதைக் கோணமானியோடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்துவிட்டு அப்புறம் படியுங்கள், ஐந்து தடவை பார்த்து நடு எண்ணை எடுங்கள். ஒரு டிகிரி எப்படியும் ஆடும், ஆடினால் எவ்வளவு கெடும் என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது. 45 டிகிரியில் ஒரு டிகிரிக்கு மூன்றரை சதவீதம். 70இலோ 20இலோ ஐந்தரை. 80 டிகிரிக்குக் கழுத்தை ஒடித்துக்கொண்டு கிட்டே நின்றால் பத்து சதவீதம். உச்சி ஏறக்குறைய 45 டிகிரியில் தெரிகிற இடம் வரை நடந்துவிடுங்கள்.

குச்சிக்காரர்களுக்கு இதே தொல்லை முழங்கையில் வரும். கை தளர்ந்து 60 சென்டிமீட்டர் 57 ஆனால் விடை ஐந்து சதவீதம் குறையும். குச்சியில் ஒரு நூல் கட்டி மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அளவு அசையாது. நூலின் நீளத்தைப் பல்லிலிருந்து வைக்காமல், நூல் விறைப்பாக இருக்கும்போது கண்ணிலிருந்து குச்சி வரை அளந்து வைக்க வேண்டும்.

அடிக்குப் போக வழியில்லை, இரண்டு இடத்தில் நின்று பார்த்தால் விடை குதிக்கிறது

குளத்துக்கு அக்கரையில் மரம், வேலிக்குள் டவர். ஓரிடத்தில் கோணம் பார்த்து, நேராகப் பின்னால் நடந்து இன்னொரு கோணம் பார்த்து, நடுவில் உள்ள தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிற முறை. கணக்கு சரிதான், ஆனால் சின்னப் பிழையைப் பெரிதாக்கிவிடும். 40 டிகிரி, 20 மீட்டர் பின்னால் 30 டிகிரி என்று வந்தால் உயரம் (கண்ணுக்கு மேல்) 37 மீட்டர். அந்த 30ஐ 31 என்று படித்துவிட்டால் 42! ஒரு டிகிரிக்கு ஐந்து மீட்டர் போய்விட்டது.

மருந்து ஒன்றுதான், நடுவில் உள்ள தூரத்தைக் கூட்டுவது. முதலில் 45 டிகிரி தெரிகிற இடம், அப்புறம் இருபத்தாறரை டிகிரி தெரிகிற இடம், இரண்டுக்கும் நடுவே எவ்வளவோ அதுவே உயரம், கால்குலேட்டரும் வேண்டாம். கண் உயரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கேயும் ஒரு டிகிரிக்கு எட்டொன்பது சதவீதம் பிசகும், ஆனாலும் முன்னதற்கு இது எவ்வளவோ மேல்.

இதே சிக்கல்தான் தென்னிந்தியாவை அளந்த ஆங்கிலேய அதிகாரி லாம்டனுக்கும். 1802இல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஒரே ஒரு கோட்டை அளந்துவிட்டு, மற்றதையெல்லாம் கோணத்தால் பிடிக்கிற திட்டம், ஆகவே கோணத்தில் கொஞ்சமும் பிசகக் கூடாது, அதற்காகவே அரை டன் எடையுள்ள தியோடலைட் என்கிற கோணம் அளக்கும் கருவி. 1808இல் அதைத் தஞ்சாவூர் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனிதர் அதைப் பிரித்து உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினார். நமக்கு ஸ்ட்ரா பிய்ந்தால் மூன்று ரூபாய்.

மரம் சாய்ந்து நிற்கிறது

தென்னை என்றால் இது இல்லாமல் இருக்காது. 12 மீட்டர் உயரத்தில் கொண்டை, அடியிலிருந்து 3 மீட்டர் சாய்வு என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து 15 மீட்டரில், சாய்ந்த பக்கம் நின்று பார்த்தால் 15 மீட்டர் உயரம் என்று வரும், எதிர்ப்பக்கம் நின்றால் 10. இரண்டையும் சராசரி போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும், 12.5தான் வரும். சாய்வு உங்களுக்கு இடமோ வலமோ போகிற மாதிரி நின்று, கொண்டைக்கு நேர்கீழே தரையில் ஒரு கல் வைத்து, அந்தக் கல்லுக்கு டேப் போடுங்கள். கீழே தேங்காய் விழுந்து கிடக்கிற இடமே பாதி வழி காட்டிவிடும், அங்கே நிற்காதீர்கள் என்பது தனி.

மரத்தைச் சாய்ப்பதற்காக அளக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது செங்குத்து உயரம்கூட அல்ல, தண்டின் நீளம். அது எப்போதும் உயரத்தைவிடக் கூடுதல்.

தரை மட்டமில்லை

உச்சிக்கு ஒரு கோணம், அடிக்கு ஒரு கோணம் பாருங்கள். அடி உங்கள் கண்ணுக்குக் கீழே இருந்தால் இரண்டு டேன்களையும் கூட்டுங்கள், மேலே இருந்தால் கழியுங்கள், தூரத்தால் பெருக்குங்கள். கண் உயரம் கூட்ட வேண்டாம். சரிவோடு போட்ட டேப் அளவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், 10 டிகிரி சரிவில் ஒன்றரை சதவீதம்தான், விட்டுவிடலாம். 20 டிகிரியில் ஆறு, விடக்கூடாது. நிழல் முறையைச் சரிவில் செய்யவே செய்யாதீர்கள்.

கண்ணாடி முறை ஒவ்வொரு தடவையும் வேறு எண் தருகிறது

கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் அதில் தெரிகிற கதிர் இரண்டு டிகிரி திரும்பும், குறைந்தது ஏழு சதவீதம் பிசகிவிடும். ரசமட்டம் வைத்துக் கல் முட்டுக் கொடுத்து மெனக்கெடுவதற்குப் பதில், கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு தட்டில் கட்டன்காபியை ஊற்றி வையுங்கள். தானாக மட்டமாகும், கருப்பு என்பதால் உச்சி பளிச்சென்று தெரியும். காற்றடித்தால் மட்டும் முடியாது.

போட்டோவில் எண்ணிப் பார்த்தால் குறைகிறது

அடியில் ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுத்து, ஆளைப் போல எத்தனை மடங்கு மரம் என்று பார்க்கிற முறை. போனை மேலே சாய்த்து எடுத்தால் உச்சி சுருங்கும், விடை குறையும். ஆள் மரத்துக்கு முன்னால் இரண்டடி தள்ளி நின்றாலும் குறையும். போனைச் செங்குத்தாகப் பிடித்து, மரம் முழுக்க அடங்கும் வரை பின்னால் போங்கள்.

இதெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கல்லைக் கட்டி டேப்பைக் கீழே இறக்குங்கள், நைலான் கயிறு வேண்டாம், அது இழுபடும். அதுதான் உண்மை அளவு. கீழே வந்து அதே சுவரை உங்கள் கோணமானியால், குச்சியால், தட்டால் அளந்து பாருங்கள். ஏழு மீட்டர் சுவருக்கு இருபது சென்டிமீட்டருக்குள் வந்தால் மரத்துக்குப் போகலாம். வரவில்லையென்றால் எது கூடியது, எது குறைந்தது என்று குறித்துக்கொண்டு மேலே இருக்கிற தலைப்புகளில் தேடுங்கள், மாடி எங்கேயும் போய்விடாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் அளக்கலாம்.